சென்னைப் பெரும்பாக்கத்தில் ஒரு அல்லிக்குளம்

வீட்டுக்காரர்: மேஸ்திரி, குளத்துக்குள்ள விரிச்ச ஷீட்ல ஓட்டை. அடைச்சுக் கொடுங்க.

மேஸ்திரி: எந்த இடத்துல சார்?

வீட்டுக்காரர்: அதுதான் தெரியலை. கண்டுபிடிக்கலாம்னு காலையிலேர்ந்து மோட்டார் போட்டு இறைக்கிறேன். இறைக்க இறைக்க ஷீட் மேலே வருது.

மேஸ்திரி: முதல்ல மோட்டாரை நிறுத்துங்க.

வீட்டுக்காரர்: நிறுத்தினா ஓட்டையை எப்படிப் பார்க்கறது?

(குளத்து நடுவில் கறுப்பு ஷீட் பூரி போல உப்பி நிற்கிறது. உச்சியில் அல்லித் தொட்டி, எந்தப் பக்கம் விழலாம் என்று யோசித்தபடி.)

மேஸ்திரி: இது உங்க தண்ணீர் இல்லை சார். அடியில ஊறுற தண்ணீர். கார்த்திகையில இங்கே ஒரு அடி தோண்டினாலே வந்துடும். நீங்க நாலடி தோண்டியிருக்கீங்க.

வீட்டுக்காரர்: ஜூன்ல தோண்டினப்ப பொட்டு ஈரம் இல்லையே?

மேஸ்திரி: ஜூன்ல உங்களுக்கு லாரியில வந்தது. இப்போ தரை வழியா வருது. காசும் கேட்கலை.

வீட்டுக்காரர்: வந்தா என்ன? 500 மைக்ரான் ஷீட், பத்து வருஷ கேரண்டி!

மேஸ்திரி: கேரண்டி ஒழுங்காத்தான் வேலை செய்யுது. அந்தப் பக்கத் தண்ணீர் ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரலை பாருங்க. வழி இல்லாமத்தான் ஷீட்டைத் தூக்குது.

வீட்டுக்காரர்: குளம் வெட்ட நான் பார்த்த வீடியோவில் இப்படி எதுவும் ஆகலையே.

மேஸ்திரி: எந்த ஊர் வீடியோ?

வீட்டுக்காரர்: ராஜஸ்தான்.

மேஸ்திரி: (பதில் இல்லை. பீடியைத் தேடுகிறார்.)

வீட்டுக்காரர்: சரி, மேலே பாரம் வைப்போம். நாலு செங்கல் வெச்சேன், நிற்கலை.

மேஸ்திரி: வெளியே மூணடித் தண்ணீர் நிக்குது. உள்ளே காலி. சதுர அடிக்கு 85 கிலோ தள்ளுது. செங்கல் 3 கிலோ.

வீட்டுக்காரர்: நானே ஏறி உட்காரட்டுமா?

மேஸ்திரி: எவ்வளவு இருப்பீங்க?

வீட்டுக்காரர்: 82.

மேஸ்திரி: ஒரே ஒரு சதுர அடிக்கு உட்கார்ந்தாலும் 3 கிலோ குறையுது. அந்தச் செங்கலை மடியில வெச்சுக்குங்க.

வீட்டுக்காரர்: கிண்டலா? வேற வழி சொல்லுங்க.

மேஸ்திரி: மோட்டார் போடாம, உள்ளேயும் மூணடிக்கு மேல தண்ணீர் நிக்க விட்டிருந்தா அது அமுக்கிப் பிடிச்சிருக்கும். நீங்க அல்லிக்கு ரெண்டடி போதும்னீங்க.

வீட்டுக்காரர்: வீடியோவில்...

மேஸ்திரி: ராஜஸ்தான். தெரியும். இல்லேன்னா ஷீட்டுக்குக் கீழே ஜல்லி கொட்டி, துளை போட்ட பைப் புதைச்சு, ஓரமா ஒரு தொட்டியில சேர்த்து அங்கேர்ந்து இறைக்கணும்.

வீட்டுக்காரர்: இறைச்ச தண்ணீர் எங்கே போகும்?

மேஸ்திரி: தெருவுக்கு. எதிர்வீட்டுக்காரர் கார் நிறுத்துற இடத்துலேர்ந்து இறைச்சு உங்க வாசலுக்கு விடறார் இல்லையா, அதே மாதிரி. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒரே தண்ணீரை இறைக்கலாம். தை முடியற வரைக்கும் கரண்ட் பில் கட்டலாம். சித்திரையில ரெண்டு பேரும் ஒரே லாரிக்காரனுக்குப் போன் போடலாம்.

வீட்டுக்காரர்: இவ்வளவு தண்ணீர் இருக்குன்னு வாங்கும்போது ஒருத்தரும் சொல்லலையே. விளம்பரத்துல, ராம்சர்ங்கற உலகப் பட்டியல்ல இருக்கற பள்ளிக்கரணையைச் சொல்லி, ‘ராம்சர் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில்’னுதான் போட்டிருந்தது.

மேஸ்திரி: ‘பக்கத்தில்’னா போட்டிருந்தது? ‘உள்ளே’ன்னு இல்லையா?

(கொஞ்ச நேரம் இருவரும் ஷீட்டையே பார்க்கிறார்கள். அது இன்னொரு விரற்கடை எழும்புகிறது.)

வீட்டுக்காரர்: செலவில்லாத வழி ஏதாவது?

மேஸ்திரி: ஷீட்ல நாலு ஓட்டை போடுங்க. கீழ்த் தண்ணீர் உள்ளே வந்து மட்டம் சமமாயிடும், ஷீட் படுத்துடும். கோடையில தங்காது. இல்லே, தரைக்கு மேல செங்கல் சுவர் எழுப்பித் தொட்டியாக் கட்டிக்குங்க. எனக்கும் வேலை கிடைக்கும்.

வீட்டுக்காரர்: இருங்க, கடைக்காரனைக் கேட்கறேன். ஹலோ, ஷீட் கடையா? ஒரு கம்ப்ளெயின்ட். ஆமா, பத்து வருஷ கேரண்டி ஷீட்தான். இல்லைங்க, ஓட்டை இல்லை. அதுதான் கம்ப்ளெயின்ட்!