தெருக்கோடிக் குழாயில் சோதித்துப் பாருங்கள்
மேல்நிலைத் தொட்டியை ஒழுங்காகக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டாலே கிராமத்துக் குடிநீர் பாதுகாப்பாகிவிடும் என்று இங்கே வந்த குடிநீர்க் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தொட்டி சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் வழியில் கெடுகிறதே. எங்கள் ஊரில் தெருக்கோடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைத் தாழ்த்தி வைத்து, குடத்தை உள்ளே இறக்கித்தான் பிடிக்கிறோம். குழாய்க்குத் திருகு கிடையாது, வாயை அடைத்திருப்பது ஒரு துணிச்சுருள். மழை பெய்தால் குழியில் சாக்கடையும் சேர்ந்து நிற்கும். தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டர் வால்வை மூடியதும் லைனில் அழுத்தம் இறங்கி, அந்த அழுக்கு உள்ளே இழுக்கப்படும். யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். மறுநாள் முதல் குடம் கலங்கி வருவது இதனால்தான். அப்புறம் அந்த பிளீச்சிங் பவுடர், மூட்டை பிரித்து ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும். கிருமியைக் கொல்லும் குளோரின் அதிலிருந்துதான் வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குளோரின் கலந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். அதைத் தொட்டியடியில் பார்த்து நோட்டில் எழுதினால் போதாது, கடைசி வீட்டுக் குழாயில் பார்க்க வேண்டும். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் கேன் தண்ணீர் வாங்கச் சொல்கிறார். நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டில் தினமும் அதற்குக் காசு ஏது? முதலில் இந்தக் குழிகளை மூடி, தெருக்கோடி வரை அழுத்தம் வருகிற மாதிரி தனி லைன் போடட்டும்.