அது குப்பை இல்லை, தம்பி

பழங்கால எகிப்துப் பொருட்கள் இருக்கும் லண்டன் பெட்ரி மியூசியத்தை ஒரு தம்பி சுற்றிக் காட்டிய வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "உடைஞ்ச சட்டியையும் கசடையும் எதுக்குக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க?" என்று சிரித்துவிட்டு அந்தத் தம்பி நகர்ந்துவிட்டார். கீழே கமெண்ட்டில் அத்தனை பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சட்டியும் கசடும் ஃபயான்ஸ் பட்டறையில் மிஞ்சியவை. நீலமாய் மின்னுகிற அந்தப் பழைய எகிப்து ஃபயான்ஸ் பொருட்கள் களிமண்ணே இல்லை. பொடித்த குவார்ட்ஸ், கொஞ்சம் சுண்ணாம்பு, சோடா உப்பு, நிறத்துக்குச் செம்பு. பிசைந்து காயவைத்தால் உப்பு ஈரத்தோடு மேலே வந்து படியும். சூளையில் அது உருகிக் கண்ணாடிப் பூச்சாகிவிடும்.

இவற்றைப் பட்டறையில் எப்படிச் செய்தார்கள் என்று அறியப் பெரிதும் கை கொடுத்தது பட்டறைக் கழிவுதான். 1891-92இல் எகிப்தின் அமர்னாவில் தோண்டிய தொல்லியலாளர் பெட்ரிக்கு மோதிரம், மணி, பதக்கம் செய்யும் மண் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சிலவற்றில் பிசைந்த கலவை அப்படியே ஒட்டியிருந்தது. கூடவே கிளேஸ், அதாவது அந்தக் கண்ணாடிப் பூச்சு, வழிந்து உறைந்த ஜாடித் துண்டுகள். வழிசல் அடிப்பக்கத்திலிருந்து வாயை நோக்கி ஓடியிருந்தது. அப்படியானால் ஜாடியைச் சூளைக்குள் கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவர் ஊகித்தார். ஒரு வழிசல் சொன்ன சேதி இது!

"ஜனங்க அழகானதைத்தானே பார்க்க வருவாங்க?" என்பீர்கள். சரி, பாருங்கள். எகிப்தின் சக்காராவில் ஜோசர் மன்னரின் பிரமிடு வளாகத்துக்கு அடியில் சுமார் 36,000 நீல ஃபயான்ஸ் ஓடுகள் பதித்திருந்தார்கள். கண்ணைப் பறிக்கும். ஆனால் சூளைக்குள் எது எங்கே இருந்தது என்று அந்த ஓடு வாய் திறக்காது. கசடு சொல்லும். "டூர் வீடியோதானே, பாடமா எடுக்கணும்?" என்பவர்களுக்கு: பாடம் வேண்டாம், ஏளனமும் வேண்டாம்.

எங்கள் அப்பாவுக்கு நகைப் பட்டறை. கூட்டிய மண்ணைக் கொட்டமாட்டார், டப்பாவில் சேர்த்து வைப்பார். அலசித் தங்கம் எடுப்பவர் வந்து காசு கொடுத்து வாங்கிப் போவார். பள்ளியில் ஒருவன் என்னை "குப்பை விக்கிறவர் மகன்" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் வீடியோவில் மறுபடி கேட்டேன். இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்றால், ஆமாம், இவ்வளவு கோபம்தான். ராஜாவின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. சூளைச் சூட்டில் வெந்தவனுக்கு மிஞ்சியது அந்தக் கசடு மட்டும்தான், அதையும் பார்த்துச் சிரிப்பீர்களா?

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்த பகுதியில் அந்த அச்சுகளைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டி, என்னவென்று சொல்லுங்கள். முதல் ஷேர் என்னுடையது.