ஞாயிறு இரவும் பாடக்குறிப்புக் கொப்பியும்

ஞாயிற்றுக்கிழமை இரவு பிள்ளைகள் படுத்த பிறகு சி.ஆர். கொப்பியை (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) விரித்து, மறுநாட் காலை பகுதித் தலைவரின் மேசையில் வைக்க வேண்டிய பாடக்குறிப்புகளை எழுதுவது பதினாறு வருடங்களாக என் வழக்கமாக இருந்தது. அதில் பெரும்பகுதி ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்து எழுதும் வேலை என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு என்று மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் அச்சிட்டுத் தந்த அதே சொற்கள், என் கையெழுத்தில் இன்னொரு முறை பிறக்கும். வாரத்துக்கு 28 பாடவேளைகள், ஒரு குறிப்புக்குப் பதினைந்து நிமிடம் என்று பார்த்தாலே ஏழு மணித்தியாலம் போய்விடுகிறது.

அந்த ஏழு மணித்தியாலத்தில் நான் பாடத்தைப் பற்றி யோசித்த நேரம் எவ்வளவு என்று என்னையே கேட்டுப் பார்த்ததற்குக் காரணம் ஒரு செவ்வரத்தைச் செடி.

தரம் 11 இல் ஒளித்தொகுப்புக்கு ஒளி தேவை என்று காட்டும் பரிசோதனையை விஞ்ஞான ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். இலையின் ஒரு பகுதியைக் கறுத்தத் தாளால் மூடி, வெயிலில் வைத்து, பின்னர் பறித்து நீரில் அவித்து, மதுசாரத்தில் பச்சையம் நீக்கி, அயடீன் விட்டால், ஒளி பட்டு மாப்பொருள் உண்டான மூடாத பகுதி மட்டும் கருநீலமாக வேண்டும். அன்று என் வகுப்பில் இலை முழுவதும் கருநீலமாயிற்று. முன்வரிசையில் இருந்த பிள்ளை, "ரீச்சர், அப்ப வெளிச்சம் இல்லாமலும் மாப்பொருள் வருந்தானே?" என்று கேட்டது; கண்ணால் கண்டதை வைத்துக் கேட்ட அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. செடியை முன்கூட்டியே 48 மணித்தியாலம் இருட்டில் வைத்து, இலையில் ஏற்கெனவே இருந்த மாப்பொருளை அகற்ற நான்தான் மறந்திருந்தேன். என் பாடக்குறிப்போ குறையில்லாமல் இருந்தது, சிவப்பு மையில் கையொப்பமும் விழுந்திருந்தது.

அன்று பின்னேரம் அந்தக் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: "பாடம் வியாழன் என்றால் செடி செவ்வாய் காலை அலுமாரிக்குள். வியாழன் முதற்பாடவேளைக்கு முன் தாள் சுற்றி வெயிலில். ஆறாம் பாடவேளையில் பறிக்கலாம். மதுசாரத்தை நேரே சுடரில் வைக்காமல் சுடுநீர் முகவைக்குள் வைக்கவும்." எழுத இரண்டு நிமிடம் சென்றது. அடுத்த வருடம் அந்தப் பாடத்துக்கு நான் ஆயத்தம் செய்ததெல்லாம் அந்த நான்கு வரிகளை வாசித்ததுதான்.

ஆகவே என் கருத்து இது: பாட ஆயத்தத்தில் நேரம் மிச்சப்பட வேண்டுமானால், பாடத்துக்கு முன் எழுதுவதைக் குறைத்து, பாடம் முடிந்த கையோடு எழுதுவதைக் கூட்ட வேண்டும். எங்கே பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள், எந்த உதாரணம் எடுபட்டது, எந்தச் செயற்பாடு 40 நிமிடத்துக்குள் அடங்கவில்லை என்பவை அன்றைக்கு நினைவிருக்கும், தவணை முடிவில் இராது. இப்போது நான் அலகுக்கு ஒரு குறிப்புத்தான் எழுதுகிறேன். வலப்பக்கத்தைப் பென்சிலுக்காக வெறுமையாக விடுகிறேன். ஒரே தரத்தின் மூன்று பிரிவுகளுக்கு மூன்று முறை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

2007 இல் தரம் 6 இலும் 10 இலும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது அறிமுகமான ஐந்து 'ஈ' முறையை (ஆங்கில E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளில் பாடம் நடத்தும் முறை) நான் குறை கூறவில்லை. பிள்ளை தானே தேடிக் கண்டறிய வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் ஒரு பாடவேளைக்குள் ஐந்து படிகளும் நடந்தேறியதாக எழுதினால்தான் குறிப்பு நிறைவு பெறும் என்ற பழக்கம், நடக்காததை எழுதவே எங்களைப் பழக்கியிருக்கிறது. (கொப்பியில் மொய்க்கும் ஐந்து ஈக்கள் என்று ஆசிரியர் ஓய்வறையில் பகிடி விடுவதுண்டு.)

வைபர் குழுக்களில் ஆயத்தக் குறிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன, நானும் எடுத்திருக்கிறேன். ஒருமுறை நீர் பற்றிய பாடத்துக்கு வந்த குறிப்பில், மாணவரை அருகிலுள்ள அருவிக்கு அழைத்துச் செல்லுமாறு இருந்தது. வருடம் முழுவதும் ஓடும் ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நான் எந்த அருவியைத் தேடுவது? எங்கள் பிள்ளைகளுக்கு நீரென்றால் கிணறு, கிணற்றுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இறக்கிய குறிப்பைத் திருத்துவதற்குச் சென்ற நேரத்தில் புதிதாகவே எழுதியிருக்கலாம்.

மேற்பார்வைக்கு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். போன வருடக் கொப்பியை நீட்டினால் சோம்பல் என்று எண்ணாமல், அதன் ஓரங்களைப் பாருங்கள். இதை ஒருமுறை நேரில் சொன்னபோது, புதுக் கொப்பியில் எழுதி வருமாறுதான் பதில் கிடைத்தது. எழுதினேன், ஓரக்குறிப்புகளையும் சேர்த்தே.

தரம் 10 அலகுகளுக்கு இப்படி எழுதி வைத்திருப்பவர்கள் உட்பெட்டியில் அனுப்பினால், தரம் 11 க்கான என் கொப்பியைப் படமெடுத்து அனுப்புவேன். எழுத்து கிறுக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள்.