குடும்பக் கதை வேண்டாம் என்றவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளித் துண்டு பெங்களூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் இந்நேரம் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கும் என்பதால், நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. மரபணு திருத்திய ‘கமலா’ நெல்லைப் பற்றிப் பேச அழைத்துவிட்டு, நான் மரபணுக் குடும்பம் (ஒரே மூதாதை மரபணுவிலிருந்து பிரிந்து வந்த உடன்பிறப்பு மரபணுக்கள்) என்று தொடங்கியதுமே, “குடும்பக் கதை எல்லாம் வேண்டாம் மேடம், இந்த நெல் வேண்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். சிரித்து முடித்திருந்தால் இதைப் படிக்கலாம்.

எனக்கு முன் பேசியவர், ஒரு மரபணுவை முடக்கினால் பயிரே ஊனமாகிவிடும் என்றார். கைதட்டல். அடுத்தவர், ஒரே ஒரு மரபணுவில் கைவைத்ததால் விளைச்சல் 19 சதவீதம் கூடுகிறது என்று அரசின் அறிவிப்பை அப்படியே ஒப்பித்தார். அதற்கும் கைதட்டல். அது எந்த மரபணு, அதற்கு எத்தனை உடன்பிறப்புகள், அவை செடியின் எந்தப் பகுதியில் வேலை செய்கின்றன என்று இருவருமே சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மரபணுவைத் தனி ஆளாக வைத்துப் பேசவே முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம்.

கமலா என்பது நம் ஊரில் பி.பி.டி. என்று சொல்கிற சம்பா மசூரியில், சி.கே.எக்ஸ்-2 என்ற மரபணுவைத் திருத்தி உருவாக்கிய நெல். சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சிதைக்கும் நொதியை அந்த மரபணு தருகிறது. கதிர் உருவாகும் இடத்தில் அந்தச் சிதைவு குறைந்தால் ஊக்கி தங்கும், மணிகள் கூடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டிலேயே, ஹபடாக்கி என்ற நெல்லில் இது இயல்பாகவே மந்தமாக இருப்பதைக் கண்டு சொன்னார்கள். ஒன்று மந்தமானால் செடி ஏன் செத்துவிடவில்லை? நெல்லில் இந்தக் குடும்பத்துக்கு மொத்தம் 11 உறுப்பினர்கள் இருப்பதால்தான். இரண்டாவது, அதாவது சி.கே.எக்ஸ்-2, முக்கியமாகக் கதிரில் வேலை செய்கிறது. நான்காவதுக்கு வேர் வளர்ச்சியில் பங்கு உண்டு. ஊனமாகிவிடும் என்றவருக்கும் சரி, ஒரே மரபணு என்று குதித்தவருக்கும் சரி, பதில் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

இத்தனை உறுப்பினர்கள் எப்படி வந்தார்கள்? மரபணு நகலாகும்போது சில நேரம் ஒன்றுக்கு இரண்டாகப் பதிந்துவிடும். சில நேரம் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டிக்கும். ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டால், மற்றது சிதையலாம், வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், புது வேலைக்கும் போகலாம். இதைப் பரிணாமத்தின் பெரிய உந்துசக்தி என்று மரபியலாளர் சுசுமு ஓனோ 1970ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். ஐம்பது ஆண்டு கடந்த செய்திதான். நம் மேடைகளுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

“ஹெப்பாலில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு விவசாயம் பேசுகிறீர்கள்” என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். ஐயா, நான் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி மகள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் அப்பாவின் சம்பாப் பயிர் மூழ்கியது. மூழ்கிய நெல் மூச்சுவிட மேலே வருவதற்காகத் தண்டை நீட்டி நீட்டி, இருந்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து, நீர் வடிந்ததும் துவண்டு படுத்துவிடும். வரப்பில் நின்று அதைப் பார்த்தவள் நான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல்லில், மூழ்கினாலும் பயிரைப் பிழைக்க வைக்கும் சப்-1ஏ மரபணுவை அடையாளம் கண்டிருந்தார்கள். அதன் உடன்பிறப்புகளான சப்-1பி, சப்-1சி இரண்டும் எல்லா நெல்லிலும் உண்டு. ஏ மட்டும் சில நெல்லில்தான். நீருக்குள் வளராமல் அடங்கி இரு என்பதே அது தரும் கட்டளை. 2009ஆம் ஆண்டு ஆழநீர் நெல்லில் கண்டறிந்த ஸ்நார்க்கெல் மரபணுக்களும் சப்-1ஏ சேர்ந்த அதே ஈ.ஆர்.எஃப். குடும்பம்தான் (மற்ற மரபணுக்களை இயக்கும் குடும்பம்), அவையோ நீர்மட்டத்தை மிஞ்சி வளரச் சொல்கின்றன. ஒரே குடும்பத்தில் ஒன்று அடக்குகிறது, மற்றொன்று நீட்டுகிறது. இன்று டெல்டாவில் சப்-1ஏ சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 நெல்லை விதைக்கும் விவசாயியிடம் போய்க் குடும்பக் கதை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

செடிக்குத்தானே இதெல்லாம் என்று இன்னொருவர். நம் உடம்பிலும் இதே கதைதான். கருவில் இருக்கும்போது ஹீமோகுளோபினுக்குக் காமா குளோபின் வேலை செய்கிறது. பிறந்த பின் அதன் உடன்பிறப்பான பீட்டா பொறுப்பேற்கிறது. அரிவாள் செல் நோயில் பழுது பீட்டாவில். 2023ஆம் ஆண்டு முதலில் பிரிட்டனிலும், பிறகு அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை, பழுதான பீட்டாவைத் தொடுவதே இல்லை. ஓய்வில் இருக்கும் காமாவை அடக்கும் தடையைத் தளர்த்தி அதை மீண்டும் வேலைக்கு அழைக்கிறது. பழுதான ஒரு மரபணுவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வழி யாருக்கும் தோன்றியிருக்காது.

என்னைக் “கம்பெனி ஆள்” என்று சிலர் சொன்னதற்குப் பதில் சொல்லவே கூசுகிறது. கமலா ஐதராபாத்தில் உள்ள அரசு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நெல். அதில் எனக்கு ஒரு பைசா சம்பந்தம் இல்லை. ஆண் பேச்சாளர்கள் இருவரும் இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார்கள், அவர்களை யாரும் யாருடைய ஆள் என்று கேட்கவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். கேட்டால், மேடம் உணர்ச்சிவசப்படுகிறார் என்பீர்கள். ஆமாம், படுகிறேன்.

வந்த கேள்விகளில் உருப்படியானது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு கல்லூரி மாணவி உள்பெட்டியில் கேட்டது. உடன்பிறப்புகள் ஒன்றுபோல இருக்கும் என்றால், இரண்டாவதை வெட்டப் போன மரபணுத் திருத்தக் கத்தரி தவறிப்போய் வேறொன்றையும் வெட்டியிருக்காதா? வெட்டியிருக்கலாம்; பார்த்தால்தான் தெரியும். வெளி மரபணு சேராத இந்த வகைத் திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் அரசு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து விதிவிலக்கு கொடுத்திருக்கும்போது, அப்படித் தவறி வெட்டியதா என்ற சோதனையின் முடிவுகளைக் குடிமக்கள் கேட்பதில் தவறே இல்லை. அந்த 19 சதவீதத்தை விட்டுவிட்டு, கமலாவில் மீதமுள்ள 10 சி.கே.எக்ஸ் மரபணுக்களின் டி.என்.ஏ. எழுத்து வரிசையை யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள் என்று கேளுங்கள். ஆதரிக்கிறவர்களும் கேட்கலாம், எதிர்க்கிறவர்களும் கேட்கலாம். அந்த மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.