டெல்ஃபி முறை: நிபுணர்கள் ஒத்துப்போனால் கணிப்பு சரியாகிவிடுமா?

1960-களின் எதிர்காலக் கணிப்புகளைப் பகிர்ந்து சிரிப்பது வாடிக்கை. பறக்கும் கார் எங்கே, செவ்வாயில் குடியேற்றம் எங்கே என்று. அந்தக் கணிப்புகளில் சிலவற்றை எவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

அவற்றில் சிலவற்றுக்குப் பயன்பட்டது, அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் உருவாக்கிய டெல்ஃபி முறை: நிபுணர்களின் கணிப்புகளைப் பல சுற்றுகளாகத் திரட்டும் வழி. நிபுணர்களை ஒரே அறையில் உட்காரவைத்தால் பதவியில் பெரியவர் சொன்னதற்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் யார் என்ன சொன்னார் என்பதை மறைத்து, கேள்வித்தாளைத் தனித்தனியாக அனுப்பினார்கள். வந்த விடைகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணையும், நடுப்பாதிப் பேரின் விடைகள் எந்த எல்லைக்குள் இருக்கின்றன என்பதையும் அடுத்த சுற்றில் திருப்பி அனுப்புவார்கள். அந்த எல்லைக்கு வெளியே நிற்பவர் காரணம் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு மற்றவர்கள் தங்கள் விடையை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம்.

சராசரியை ஏன் எடுக்கவில்லை? 1951-ல் நடந்த சோதனையைப் பாருங்கள். அமெரிக்க ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க சோவியத் தரப்புக்கு எத்தனை அணுகுண்டுகள் தேவைப்படும் என்று 7 நிபுணர்களிடம் கேட்டார்கள். முதல் விடைகள் 50 முதல் 5000 வரை போயின. மற்ற ஆறு பேரும் பூஜ்யம் என்று சொல்லியிருந்தாலும், அந்த 5000 ஒன்றே சராசரியை 714-க்குத் தூக்கிவிடும். ஐந்து கேள்வித்தாள்களுக்கும் இறுதித் திருத்தங்களுக்கும் பிறகு மதிப்பீடுகள் 167-க்கும் 360-க்கும் இடையே வந்து நின்றன. ரகசியம் கருதி இந்த ஆய்வை 1963-ல்தான் இதழில் வெளியிட்டார்கள்.

இப்படி நெருங்கிவந்தால் கணிப்பு சரியாகிவிடும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. விடைகள் நெருங்கிவருவது வேறு, சரியாவது வேறு. காரணம் எழுதும் வேலை ஒதுங்கி நிற்பவருக்கு மட்டும்தான். அதைத் தவிர்க்கவே சிலர் நடுவுக்கு நகர்ந்துவிடலாம். சலித்துப்போய்ப் பாதியில் விலகுபவர்களின் மாறுபட்ட கருத்தும் அவர்களோடு போய்விடும்.

1964-ல் ஹெல்மரும் தியோடர் கார்டனும் இதே முறையை நீண்டகாலக் கணிப்புக்குப் பயன்படுத்தினார்கள். ஆறு குழுக்கள், நான்கு சுற்றுகள். நிலவில் மனிதன் இறங்குவது 1970 வாக்கில் என்றார்கள், 1969-லேயே நடந்துவிட்டது. செவ்வாய்க்கு 1985 என்றார்கள், இன்னும் யாரும் போகவில்லை. நிலவுப் பயணத்துக்குக் கென்னடி 1961-லேயே இலக்கும் கெடுவும் அறிவித்திருந்தார், பணமும் ஒதுக்கப்பட்டது. செவ்வாய்க்கு அப்படி எதுவும் இல்லை. 'எப்போது முடியும்', 'யார் பணம் கொடுப்பார்கள்' என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே ஆண்டெண்ணுக்குள் அடைத்தால் இப்படித்தான் ஆகும். ராக்கெட் நிபுணருக்கு முதலாவது தெரியும், இரண்டாவது அவர் கையில் இல்லை.

அணுக்கரு இணைவு (அணுக்கருக்கள் ஒன்றுசேரும்போது வெளிப்படும் ஆற்றல்) மூலம் மின்சாரம் எடுப்பதற்கு அதே 1964 ஆய்வின் நிபுணர் குழு சொன்னது 1986. 1955-ல் ஜெனீவா மாநாட்டில் ஹோமி பாபா, இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் வழி இருபது ஆண்டுகளுக்குள் கிடைத்துவிடும் என்றார். தனி மனிதர், குழு இரண்டுமே தவறின. இணைவுக்குத் தேவையான பிளாஸ்மாவை, அதாவது மிக அதிக வெப்பத்தில் மின்னேற்றம் பெற்ற வாயுவை, அடக்கிவைப்பது எவ்வளவு கடினம் என்று அன்று யாருக்குமே முழுதாகத் தெரியாது. ஒருவரிடமும் இல்லாத அறிவை நான்கு சுற்றுக் கேள்வித்தாள் எங்கிருந்து கொண்டுவரும்?

செயற்கை நுண்ணறிவு மனிதனை எப்போது மிஞ்சும் என்று இன்று வரும் கருத்தாய்வுகளிலும் ஒற்றை ஆண்டுதான் தலைப்புச் செய்தியாகிறது. விடைகள் எவ்வளவு சிதறிக் கிடந்தன, எத்தனை பேர் பதிலே அனுப்பவில்லை என்பதையும் சேர்த்துப் போடட்டும், அப்புறம் பேசலாம்.