ரைஃபிள் – மீக்கர் சாலையில் பார்த்த எல்க் மான்கள்

போன பிப்ரவரியில், கொலராடோவில் ரைஃபிள் ஊரிலிருந்து மீக்கர் போகும் 13ஆம் நெடுஞ்சாலையில் காரை ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் விடிந்திருந்தது. தெற்குப் பார்த்த சரிவில் முப்பது நாற்பது எல்க் மான்கள். கடமானைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும்: அதே ஜாடை, அதைவிடப் பெரிய உடம்பு. ஒரு பெண் மான் முன்னங்காலால் பனியைப் பறித்துப் பறித்துக் குழி தோண்டியது. அடியில் பழுப்பேறிய காய்ந்த புல். ரெண்டு வாய் கடிப்பதற்குள் பின்னால் நின்ற குட்டி வந்து அதே குழிக்குள் தலையை விட்டுக்கொண்டது. தாய் ஒன்றும் செய்யவில்லை. ரெண்டடி தள்ளிப் போய் அடுத்த குழியைத் தோண்ட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் எரிவாயுக் கிணற்றுப் பாதையிலிருந்து ஒரு டேங்கர் இறங்கி வந்தது. ஹார்ன்கூட அடிக்கவில்லை. அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்தது, மொத்தக் கூட்டமும் மேட்டுப் பக்கம் நெஞ்சளவு பனிக்குள் பாய்ந்து ஓடியது. டிரைவர் கவனித்திருக்கக்கூட மாட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் பிழைப்பு அது.

ஆனால் அந்த ஓட்டம் அந்தத் தாய்க்கு எவ்வளவு செலவு வைத்திருக்கும்? செப்டம்பரில் இணை சேரும் எல்க், மே கடைசியிலோ ஜூனிலோ குட்டி போடும். குளிர்காலம் முழுக்கச் சினை. கிடைக்கும் காய்ந்த புல்லில் சத்து பத்தாது. கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் வசந்தம் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வருமானம் நின்று போன வீட்டில் சேமிப்பை எடுத்துச் சாப்பிடுவது போல. கோடையில் மலை முழுக்க மேய்ச்சல்தான். பனி விழுந்துவிட்டால் காற்று பனியை வாரிக்கொண்டு போகும் மேடுகளும் வெயில் படும் சரிவுகளும் மட்டும்தான் மிச்சம். மேற்குக் கொலராடோவிலும் வயோமிங்கிலும் அப்படிப்பட்ட பல இடங்களுக்கு அடியில்தான் எரிவாயு இருக்கிறது.

“அதற்குத்தான் சட்டதிட்டம் இருக்கிறதே” என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கிறது. வயோமிங்கில் முக்கியமான குளிர்கால மேய்ச்சல் நிலங்களில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை துளையிடக் கூடாது என்று நிபந்தனை போடுவார்கள். ஆனால் அந்தத் தடை துளையிடும் ரிக் எந்திரத்துக்குத்தான். தோண்டி முடித்த கிணறு பல வருஷம் வாயு கொடுக்கும். அத்தனை வருஷமும் ரோடு இருக்கும், ஜனவரியிலும் வண்டி ஓடும். போதாததற்கு, விலக்கு கேட்டு மனுவும் போடலாம்.

வயோமிங்கில் இருக்கும் பைன்டேல் ஆன்டிக்ளைன் வாயு வயலில் 2000இல் இப்படிக் குளிர்காலத் தடையோடுதான் தொடங்கினார்கள். 2008இல், ஒரு பகுதியில் மொத்தமாகத் தோண்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போவோம் என்ற ஏற்பாட்டில், வருஷம் முழுக்கத் தோண்ட அனுமதி வந்தது. அங்கே குளிர்காலத்துக்கு வருவது மியூல் மான்கள் என்ற வேறு வகை மான்கள். பதினைந்து வருஷ ஆய்வில் அவற்றின் எண்ணிக்கை 36 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே கிணற்று மேடையிலிருந்து சாய்வாகப் பல கிணறுகள் தோண்டியும், லாரிக்குப் பதில் பைப்லைன் போட்டும், வேட்டையைக் குறைத்தும் இந்த நிலை. கிணற்று மேடையிலிருந்து சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஒதுங்கியே மேய்ந்தன. பழகிவிடும் என்று சொன்னார்கள். பதினைந்து வருஷமாகியும் பழகவில்லை. ரோட்டைக் கண்டு எல்க் அதைவிடவும் மிரளும். விரட்டப்பட்டது எங்கே போகும்? கீழே மாட்டுப் பண்ணைக்காரர் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த தீவனக் கட்டுக்குத்தான் போகும். அவருக்கும் நஷ்டம், மானுக்கும் கெட்ட பெயர்.

எரிவாயுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டென்வரில் என் வீட்டு ஹீட்டரும் அதில்தான் ஓடுகிறது, ரைஃபிளில் எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. சாய்வுக் கிணறும் பைப்லைனும் ரோட்டை மூட ஒரு கதவும் கட்டாயம் வேண்டும். ஆனால் அதெல்லாம் இரண்டாவது. எந்தச் சரிவை எரிவாயு நிறுவனங்களுக்குக் குத்தகைக்கே விடக் கூடாது என்று முதலில் வரைபடத்தில் கோடு போட வேண்டும். குத்தகை கொடுத்த பிறகு தேதியை வைத்துப் பேரம் பேசுவது ஏமாற்று வேலை.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. நியூ மெக்சிகோவில் வாயே விடால் என்ற மலைப்பகுதியில் சுமார் ஒரு லட்சம் ஏக்கரை 1982இல் பென்சாயில் என்ற எண்ணெய் நிறுவனமே அரசாங்கத்துக்குக் கொடுத்தது. பின்னால் வேறொரு நிறுவனம் அங்கே நிலக்கரிப் படுகைக்குள் இருக்கும் மீத்தேன் வாயுவை எடுக்கக் கேட்டபோது வேட்டைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் ஒன்றாக எதிர்த்து நின்றார்கள். 2006இல் அங்கே துளையிடவே கூடாது என்று சட்டம் வந்தது. ரைஃபிள் பக்கத்து ரோன் பீடபூமியில் 2008இல் விட்ட குத்தகைகளில் 17ஐ 2014இல் ரத்து செய்தார்கள்.

புதுக் குத்தகை அறிவிப்பு வரும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தருவார்கள். இங்கே இருக்கும் தமிழ் நண்பர்களே, நாலு வரியாவது எழுதுங்கள். எந்த ரோடு, எந்தச் சரிவு, எந்த மாதம் பார்த்தீர்கள் என்று இடம் சொல்லி எழுதுங்கள். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போனால், படம் எடுப்பதாக இருந்தாலும் காருக்குள் இருந்தே எடுங்கள். ஓடுகிற காரைவிட, இறங்கி நடந்து வரும் ஆளைப் பார்த்தால்தான் அவை இன்னும் அதிகமாக மிரளும்.