"வாட்ஸ்அப் நம்பரும் இதுதானா?"

போன மாதம் ஓர் ஆர்ப்பாட்டத்தில் எங்களைப் பிடித்து மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். நாற்பது பேர் இருப்போம். மதியம் சாம்பார் சாதம் வந்தது. மூன்று மணிவாக்கில் ஒரு பெண் காவலர் நோட்டோடு வந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, செல் நம்பர். எப்போதும் கேட்பதுதான். நம்பரை எழுதிக்கொண்டதும் நிமிர்ந்து, "வாட்ஸ்அப் நம்பரும் இதுதானா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவருக்குப் பின்னாலேயே இன்னொருவர் முகம் முகமாக வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார்.

என் பக்கத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். அன்றுதான் முதல் தடவை வந்திருந்தாள். என் முழங்கையைத் தொட்டு, "அக்கா, குடுக்கலாமா?" என்றாள். "குடும்மா, பரவால்ல" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என்னைத் தூங்க விடவில்லை. இருபது வருடமாக இந்த மண்டபங்களுக்குப் போய்வருகிற பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முன்பெல்லாம் மண்டபம் என்றால் எங்களுக்குப் பயமே கிடையாது. காலையில் ஏற்றுவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு விடுவார்கள். உள்ளே கூட்டம் நடக்கும், பாட்டு நடக்கும், அடுத்த போராட்டத்துக்குத் தேதியும் அங்கேயே குறிப்போம். எங்களை வேவு பார்க்கிற போலீஸ் தனிப்பிரிவு ஏட்டுக்கு எங்களைப் பெயர் சொல்லித் தெரியும், அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர் கூட உண்டு. அந்த ஏட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது, டீக்கடையில் காதால் கேட்டது. இப்போது நம் சட்டைப்பையிலேயே எல்லாம் இருக்கிறது. யாரோடு பேசினோம், எத்தனை மணிக்கு, எந்த டவருக்குக் கீழே நின்று, அப்புறம் யார் வீட்டுக்குப் போனோம் என்பது வரைக்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான்கு வருடமாக வெளியில் சொல்லாதது.

எங்கள் பக்கத்து ஓடையில் ராத்திரி ஒரு மணிக்கு மேல் கழிவுநீரைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஒரு துண்டறிக்கை போட்டோம். நான்காம் நாள் நிலையத்திலிருந்து அழைப்பு. "சும்மா ஒரு விசாரணைதான் மேடம், வந்துட்டுப் போங்க." எழுத்தில் எதுவும் இல்லை. நானும் தனியாகத்தான் போனேன். உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு அந்த அதிகாரி, "ஃபோனைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தர்றேன்" என்றார். மறைக்க என்ன இருக்கிறது என்ற தைரியத்தில் நானே பூட்டைத் திறந்து கையில் கொடுத்தேன்.

நாற்பது நிமிடம். எதிரே உட்கார்ந்து அவருடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மகளின் பள்ளிக்கூடக் குழு, என் அக்காவோடு நான் அழுது அனுப்பிய செய்திகள், டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் அந்த விரல் தள்ளிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது. தன் ஃபோனை எடுத்து என் ஃபோன் திரையைப் படம் பிடித்தார்.

அங்கே இருந்தது அந்த ஆலையில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு தம்பியின் குரல் பதிவு. எந்த வால்வை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொன்னவன் அவன்தான். அவன் பெயரையும், பக்கத்திலேயே ஆலையின் பெயரையும் சேர்த்துப் போட்டு என் ஃபோனில் சேமித்து வைத்திருந்தவள் நான். எட்டாம் நாள் அவனுக்கு கேட் பாஸ் புதுப்பிக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. எந்த நிலையம், எந்த ஆலை என்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் அவன் யாரென்று மறுபடியும் தெரிந்துவிடும். "விடுக்கா, வேற வேல பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மனைவி மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

'மறைக்க எனக்கு என்ன இருக்கிறது' என்ற வார்த்தையை அன்றோடு விட்டேன். என் ஃபோனில் என்னை நம்பிய அறுநூறு எழுநூறு பேர் இருக்கிறார்கள். ஆலைக்குள் வேலை பார்க்கிறவர்கள், கணவருக்குத் தெரியாமல் கூட்டத்துக்கு வருகிற பெண்கள், அரசு வேலையில் இருந்துகொண்டு ஒரு தகவல் சொன்னவர்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

தோழர்கள் சிலர் இப்படி ஜாக்கிரதையாக இருப்பதைக் கோழைத்தனம் என்கிறார்கள். "நாம என்ன திருட்டு வேலையா பண்றோம்? நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கணும்" என்கிறார்கள். அவர்களுக்கு நம் ஊர்க் கதையையே சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் கைதுக்குத் தப்பி பாரதி 1908-ல் புதுச்சேரிக்கு வந்தார். பிறகு வ.வே.சு. ஐயர், அரவிந்தர் போன்ற விடுதலைப் போராளிகளும் வந்தார்கள். பிரெஞ்சுக்காரன் மண்ணில் வெள்ளைக்காரப் போலீஸ் கைவைக்க முடியாது என்பதால் தெருத்தெருவாக ஒற்றர்களைப் போட்டார்கள், கடிதங்களை வழியில் பிரித்துப் பார்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஐயர் வீட்டுக் கிணற்றுக்குள் ராஜதுரோகக் காகிதங்களை ஒரு பாத்திரத்தில் அடைத்து யாரோ போட்டுவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுப் போலீஸ் வந்து சோதனை போட்டு அதை எடுக்க வேண்டும், இவர்களை நாடு கடத்த வேண்டும் என்பது திட்டம். தண்ணீர் இறைக்கும்போது அது அகப்பட்டுவிட்டது. அவர்கள் அதைப் புதைக்கவில்லை, எரிக்கவில்லை. கலந்து பேசி, தாங்களே முந்திக்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார்கள். சோதனை நடந்தது, ஒன்றும் தேறவில்லை.

இந்தக் கிணற்றுக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சமூகச் செயற்பாட்டாளர்கள் மீது போட்ட பீமா கோரேகான் வழக்கில், அவர்களில் ஒருவரான ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் 22 மாதங்களாக வெளியாள் புகுந்திருந்ததாகவும், குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்றும் ஆர்சனல் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021-ல் அறிக்கை கொடுத்தது. 2022-ல், அதே வழக்கில் கைதான ஸ்டேன் சுவாமியின் கணினி பற்றியும் அதையே சொன்னது. வழக்கை நடத்துகிற தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) இதை ஏற்கவில்லை. ஆனால் அந்த இரண்டாவது அறிக்கை வந்தபோது ஸ்டேன் சுவாமி உயிரோடு இல்லை. திருச்சிப் பக்கத்தில் பிறந்த அந்தப் பாதிரியார் நடுக்கவாத நோயோடு சிறையில் இருந்து, தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தில் மனுப்போட்டு, 2021 ஜூலை 5-ல் 84 வயதில் காவலிலேயே இறந்தார். கிணறு இப்போது மடிக்கணினிக்குள் இருக்கிறது. எட்டிப் பார்க்காமல் இருப்பது வீரம் ஆகாது.

பாரதியும் கடைசியில் அகப்பட்டார். 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதுசெய்து எங்கள் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள். டிசம்பர் 14 வரைக்கும். அந்த மனிதரைவிடத் தைரியமான ஆளா நாம்? அவரே பத்து வருடம் எல்லைக்கு அந்தப்பக்கம் கால் வைக்காமல் காத்துக்கொண்டார்.

எங்கள் கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாளைச் சொல்லவே வேண்டாம். சென்னையில் இருந்த வெள்ளைக்காரத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்துக்குத் தன் சின்ன மகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சிறை கண்டவர். கடலூர் வந்த காந்தியை அவர் பார்க்கக் கூடாது என்று தடை போட்டபோது, பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவரைக் கோழை என்று சொல்ல இந்த ஊரில் யாருக்காவது வாய் வருமா?

நிலைமை மோசமாகிக்கொண்டு வருகிறது என்று நான் சொன்னால், எந்தக் கட்சிக்காகப் பேசுகிறாய் என்று கேட்பார்கள். புதுச்சேரியில் 2012 அக்டோபரில் ஒருவரை ஒரு ட்வீட்டுக்காகக் கைதுசெய்தார்கள். மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி எழுதியிருந்தார். அன்று அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர். அது இப்போதைய மத்திய அரசு வருவதற்கு முன்பு. அதற்குப் பயன்படுத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்தது. 2017-ல் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த இதழியல் மாணவி மீது குண்டர் சட்டம் போட்டது நம் மாநில அரசு. கள்ளச்சாராயக்காரர்கள், ரவுடிகள் போன்றவர்களுக்காக 1982-ல் கொண்டுவந்த சட்டம் அது, விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் உள்ளே வைக்கலாம். உயர் நீதிமன்றம் பிறகு அதை ரத்து செய்தது. ஆனால் அந்தப் பெண் சிறையில் கழித்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?

எல்லா அரசுக்கும் இந்தக் கை அரிப்பு உண்டு. ஆனாலும் எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். 2019-க்குப் பிறகு ஊபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் அமைப்பு மட்டுமல்ல, தனி ஆளையே பயங்கரவாதி என்று அரசு அறிவித்துவிடலாம். அதில் ஜாமீன் குதிரைக் கொம்பு. ஃபோனுக்குள் புகுந்து வேவு பார்க்கிற பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 ஃபோன்களைப் பார்த்து, 5-ல் ஏதோ உளவு மென்பொருள் இருக்கிறது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னது. இதற்குமேல் ஓர் அரசு என்ன செய்தால் நாம் கவலைப்படுவோம்?

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். நம்பர் கொடுக்கலாமா என்று கேட்டாளே. மண்டபத்தில் கேட்டால் நம்பரைச் சொல்வதால் பெரிய மோசம் வந்துவிடாது, அது அவர்களுக்கு எப்படியும் கிடைத்துவிடும். பொய் நம்பர் கொடுக்காதே, அது தனி வம்பு. ஆனால் நம்பர் வேறு, ஃபோன் வேறு. ஃபோனைக் கையில் கொடுக்காதே. கைரேகை, முகம் வைத்துத் திறக்கிற வசதியைப் போராட்டத்துக்குக் கிளம்பும்போதே எடுத்துவிடு, விரலைப் பிடித்து வைத்தால் அது திறந்துவிடும். ஆறு இலக்கத்துக்குக் குறையாத பூட்டு எண் வை, அது பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். எண்ணைச் சொல் என்று அதட்டினால், வக்கீல் வரட்டும் என்று சொல். அந்த எண்ணைச் சொல்லவைக்கலாமா என்பதில் நீதிமன்றங்களே ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை.

ஃபோனைக் கைப்பற்றினால் அதற்கு முறையான பட்டியல் கேள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் அவர்களே வீடியோ எடுக்க வேண்டும். அதே சட்டத்தின் 179-வது பிரிவுப்படி சாட்சியாக விசாரிக்கப் பெண்களை நிலையத்துக்கு வரச்சொல்ல முடியாது, அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால், பழைய சட்டத்திலும் இதே உரிமை இருந்தது என்பது தெரிந்திருந்தால், தனியாகக் கிளம்பிப் போயிருக்க மாட்டேன். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சாசனம் 22-வது பிரிவு, யாரும் போடுகிற பிச்சை இல்லை.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒன்று. இருநூறு பேர் குழுவில் ஒருவர் ஃபோன் சிக்கினாலும் இருநூறு பேரும் சிக்கியதுதான். கூட்டம் எங்கே எத்தனை மணிக்கு என்பதை ஊருக்கே சொல்லலாம், அதற்கு அந்தக் குழு போதும். யார் தகவல் கொடுத்தார் என்பதை எந்தக் குழுவிலும் எழுதாதே. செய்திகள் தானாக அழிகிற வசதியை முதல் நாளிலேயே போட்டு வை. அழைப்பு வந்த பிறகு உட்கார்ந்து அழித்தால் அதையே குற்றமாக்குவார்கள். கூகுள் டிரைவில் போய் உட்காரும் பேக்கப்புக்குத் தனியாகப் பூட்டுப் போடவில்லை என்றால் முன்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான். வக்கீல் நம்பரும் வீட்டு நம்பரும் காகிதத்தில் இருக்கட்டும். 2018-ல் தூத்துக்குடியில் சுட்டுக் கொன்ற பிறகு மூன்று மாவட்டத்தில் இணையத்தையே நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போகிற தம்பிகளும் உண்டு. எல்லாம் ரகசியம், மாற்றுப் பெயர், யாரையும் நம்பாதே, புதிதாக வருகிறவன் உளவாளி என்கிறார்கள். இது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் 12 மில் தொழிலாளர்கள் பிரெஞ்சுப் போலீஸின் குண்டுக்குச் செத்து, எட்டு மணி நேர வேலை கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் மில்லுக்குள்ளேயே உட்கார்ந்து நடத்திய வேலைநிறுத்தம் அது. ஒளிந்துகொண்டு அதை நடத்தியிருக்க முடியுமா? என்னை நிலையத்துக்குக் கூப்பிட்டபோது நான் செய்த பெரிய தப்பு ஃபோனைத் திறந்தது கூட இல்லை, ஒருவரிடமும் சொல்லாமல் போனதுதான். வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தால் அந்த நாற்பது நிமிடம் நடந்திருக்காது.

அந்தப் பெண் நேற்று கூப்பிட்டாள். வீட்டுக்கு யாரோ போன் பண்ணி, "உங்க பொண்ணு எங்கெல்லாம் போவுதுன்னு தெரியுமா?" என்று கேட்டார்களாம். அம்மா பயந்துபோய் இருக்கிறாராம். இனி வருவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளேதான் கேட்டாள், "ஞாயித்துக்கிழமை வக்கீல் வர்றாங்கன்னு சொன்னீங்களே, அம்மாவையும் கூட்டிட்டு வரட்டுமா அக்கா?"

கூட்டிட்டு வா. ஞாயிறு மாலை நாலு மணி, முதுநகரில் எப்போதும் கூடுகிற இடம். இதைப் படிக்கிற மற்றவர்களும் அம்மாவோடு, அப்பாவோடு வாருங்கள்.